ஆயில் குச்சி காய்ந்திருந்த இரவு

2021 டிசம்பர், ஒரு ஞாயிறு சாயங்காலம். கோவையிலிருந்து சேலத்துக்கு ஒரு கல்யாண வரவேற்புக்குக் கிளம்பியிருந்தோம். பெருந்துறை தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம், மீட்டருக்கு நடுவில் மஞ்சளாக ஓர் ஆயில் கேன் படம் எரிந்தது. மேடு பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து ஓரம் கட்டினேன். பத்து நிமிஷம் விட்டு பானட்டைத் தூக்கி, செல்போன் வெளிச்சத்தில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் முனையில் ஈரம்கூட இல்லை. துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். அதே கதை. பட்டுப்புடவையோடு உள்ளே உட்கார்ந்திருந்த மனைவி கண்ணாடியை இறக்கி, "பெட்ரோல் இருக்குதில்லைங்க, அப்புறம் என்ன?" என்றாள்.

பெட்ரோல் இருந்தது. ஆயில்தான் இல்லை. சர்வீஸ் விட்டு எடுத்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் ஓடியது 5,800 கிலோமீட்டர். வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. மூன்றரை வருஷ வண்டி, மொத்தம் 41,300 கிலோமீட்டர்தான்.

பக்கத்து பங்க் வரை மெதுவாக உருட்டிப் போய், அங்கே கிடைத்த ஒரு லிட்டர் ஆயிலை வாங்கி ஊற்றினேன். பில் கேட்கவில்லை. டப்பாவை அங்கேயே குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, தாலி கட்டின ஜோடியைப் பார்த்து மொய் எழுதிவிட்டு வந்தேன். அந்த டப்பாவும் இல்லாத பில்லும் பின்னால் எவ்வளவு படுத்தும் என்று அப்போது தெரியாது.

வண்டி, டர்போ பெட்ரோல் இன்ஜின் வைத்த ஒரு செடான். 2018 ஜூனில் புதிதாக வாங்கியது. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. விஷயம் முடிந்து கடிதத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. அதைவிட முக்கியம், இதே மாதிரி இன்ஜினும் இதே மாதிரி பதில்களும் ஒரு கம்பெனியோடு நிற்பதில்லை. நான் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவன். "பில் எங்கேங்க? வவுச்சர் எங்கேங்க?" என்று ஊரில் பாதிப் பேரை விரட்டுவதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் சொந்த வண்டி விஷயத்தில் ஒரு வருஷம் வாயாலேயே குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் டீலரின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். சர்வீஸ் அட்வைசர் இளம்பையன், மரியாதையான பையன். குறையைச் சொன்னேன். "டர்போ இன்ஜின்ல கொஞ்சம் ஆயில் எடுக்கும் சார், நார்மல்தான். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரைக்கும் கம்பெனியே அலவ் பண்றாங்க" என்றார். இன்னொரு லிட்டர் ஊற்றினார்கள். வண்டியை விடும்போது குறையைப் பதிந்துகொள்ளும் ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்-அப்' என்று எழுதியிருந்தது. பணம் கட்டிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த மே மாதம் வழக்கமான சர்வீஸுக்கு விட்டபோதும் சொன்னேன். "அப்சர்வ் பண்ணுங்க சார்" என்றார்கள். அதுவும் வாயால்தான். 2022 ஜூனில், காசு கட்டி நீட்டித்திருந்த நான்கு வருஷ வாரண்டி முடிந்தது. கம்பெனிக் கணக்கில் அதுவரை என் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை!

அப்பாவிடம் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை, திட்டினார். பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஒரு காலத்தில் டீசல் ஆயில் இன்ஜின்தான் தண்ணீர் இறைத்தது. காலையில் அதைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் முன் அப்பா குச்சியை உருவி, தோள் துண்டில் துடைத்து, மறுபடி விட்டுப் பார்ப்பார். புகையை வைத்தே சொல்லிவிடுவார்: கறுப்பென்றால் டீசல் அதிகம், நீலமென்றால் ஆயில் எரிகிறது, ரிங்கைப் பார்க்கணும். "பதினாலு லட்சம் குடுத்து வாங்கிட்டு நாலு மாசத்துக்கு ஒருக்காக்கூட ஆயில் பார்க்க மாட்டயா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை. வாரண்டி முடிந்த மாதத்திலிருந்துதான் நான் நோட்டுப் போட்டேன். தேதி, கிலோமீட்டர், எவ்வளவு ஊற்றினேன், பில் நம்பர். 1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்று ஓடிக்கொண்டிருந்தது.

என்னதான் நடக்கிறது என்று எனக்குப் புரியவைத்தது கோவை கணபதி பகுதியில் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணன். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி ஒரு பழைய செய்தித்தாள்மேல் வரிசையாக வைத்தார். இரண்டு பிளக்கின் முனையில் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. "ஆயில் எரிஞ்ச சாம்பல் இது. காலைல ஸ்டார்ட் பண்ணின உடனே மட்டும் புஸ்ஸுனு நீலப்புகை வந்தா வால்வு சீல். ஓடறப்ப ஆக்சிலேட்டர அழுத்தி மிதிக்கறப்பல்லாம் வந்தா ரிங்கா இருக்கும். பின்னாடி வண்டில ஆளை வெச்சுப் பாருங்க" என்றார். மச்சானை பைக்கில் பின்னால் வரச் சொல்லி அவினாசி ரோட்டில் ஓட்டினேன். மேம்பாலத்து ஏற்றத்தில் அழுத்தி மிதித்தேன். மச்சான் சைகை காட்டிக்கொண்டே ஹெல்மெட்டுக்குள் இருமினான்.

ஒவ்வொரு பிஸ்டனையும் சுற்றி மூன்று ரிங்குகள். மேலே உள்ள இரண்டும் முக்கியமாக கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை, கசியாமல் காப்பவை. மூன்றாவதுதான் ஆயில் ரிங். சிலிண்டர் சுவரில் படியும் ஆயிலை வழித்து, ரிங் உட்காரும் பள்ளத்தில் இருக்கிற பொடித் துளைகள் வழியாகக் கீழே அனுப்புவது அதன் வேலை. மைலேஜுக்காக உராய்வைக் குறைக்க வேண்டுமென்று பல கம்பெனிகள் ரிங்கின் இழுவிசையைக் குறைத்தன, ரிங்கை மெலிதாக்கின. சில வடிவமைப்புகளில் அந்தத் துளைகளும் போதவில்லை. டர்போ சூட்டில் ஆயில் கருகித் துளை அடைத்துக்கொண்டால் ரிங் பள்ளத்துக்குள் ஒட்டிக்கொள்கிறது; வழிக்க வேண்டிய ஆயில் மேலேயே தங்கி பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது. அந்தச் சாம்பல் பிளக்கோடு நிற்காமல் புகை போகும் குழாயில் அதைச் சுத்தப்படுத்த வைத்திருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும், அது தனிச் செலவு.

இது ஊர் அறிந்த ரகசியம் என்பதும் அந்த அண்ணன் சொல்லித்தான் தெரியும். அவருடைய ஸ்பேர்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரில் என் வண்டியின் பிஸ்டன் நம்பரைத் தட்டினார். பழைய நம்பர் நிறுத்தப்பட்டு, கடைசி எழுத்து மட்டும் மாறின புது நம்பர் வந்தது. அதாவது கம்பெனி பிஸ்டனை மாற்றி வடிவமைத்திருக்கிறது. யாருக்கும் அறிவிக்காமல் பாகத்தின் நம்பர் மாறியிருந்தால், அந்த மாற்றத்துக்கு ஏதோ காரணம் இருக்கும். இதை நான் ஒரு பெரிய கண்டுபிடிப்பாக நினைத்துத் துள்ளினேன். மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "அவங்களுக்குத் தெரியாததையா நீங்க சொல்லப் போறீங்க? உங்க வண்டிலயும் அதுதான்னு அவங்களையே ஒத்துக்க வைக்கோணும், அதுதான் வேலை."

அவரே இன்னொன்றும் சொன்னார்: கெட்டியான ஆயில் ஊற்றினால் குடிப்பது குறையும், ஒரு வருஷம் தள்ளலாம். குறையும், உண்மைதான். ஆனால் கையேட்டில் சொல்லாத கிரேடை ஊற்றிவிட்டால் கம்பெனிக்கு நானே தாம்பாளத்தில் வைத்துக் காரணம் கொடுத்த மாதிரி. வேண்டாம் என்று விட்டேன். இன்ஜினைத் திறக்கவும் விடவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, பிளக் கழற்றின கூலி வாங்கவும் மறுத்துவிட்டார்.

அந்த வாரம்தான் கையேட்டைத் தேடினேன். டேஷ்போர்டு பெட்டிக்குள், வாங்கின நாளன்று போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் கிடந்தது. ஆயில் அத்தியாயத்தில் ஒரு வரி: 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை செலவாகலாம். ஒரு லிட்டர் அல்ல, அரை. அட்வைசர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு யாரோ சொன்னதை அவர் எனக்குச் சொன்னார். ஆனால் பத்து மாதமாக அந்த 'ஒரு லிட்டர்' என்ற வார்த்தையை நான் சரிபார்க்கவில்லை. என் ஆபீஸில் ஒரு ஜூனியர் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே ஒரு பிடி பிடித்திருப்பேன்.

2022 அக்டோபரில் டீலரிடம் வேறு மாதிரி போனேன். குறையை நானே ஒரு தாளில் நான்கு வரி எழுதி எடுத்துப் போய், அதை அப்படியே ஜாப் கார்டில் ஏற்றச் சொன்னேன். 'ஜெனரல் செக்-அப்' என்று ஆரம்பித்தார். "இல்லைங்க, நான் எழுதினதையே போடுங்க, இல்லைன்னா நான் வண்டிய விடலைங்க" என்றேன். சண்டை போடவில்லை, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. பதினைந்து நிமிஷம் கழித்து 'கஸ்டமர் புகார்: இன்ஜின் ஆயில் 1,500 கி.மீ.க்கு 1 லிட்டர் குறைகிறது, வெளி ஒழுகல் இல்லை, ஆயில் செலவு சோதனை செய்ய வேண்டும்' என்று பிரிண்ட் வந்தது. என் 15 மாத அலைச்சலில் உருப்படியாக நான் செய்த முதல் காரியம் அதுதான்.

முதலில் அவர்கள் பிசிவி வால்வை மாற்றினார்கள், 7,200 ரூபாய். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் வால்வு அது. கிழிந்திருந்தால் ஆயிலை உறிஞ்சி உள்ளே அனுப்பிவிடும். மாற்றியும் பலனில்லை. எனக்கு எரிச்சல்தான். ஆனால் சுலபமான காரணங்களை ஒவ்வொன்றாக விலக்காமல் கம்பெனி பிஸ்டனுக்கு வராது என்று ஒர்க்ஷாப் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். அந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டீலர் வேறு, கம்பெனி வேறு என்பதை எனக்குப் புரியவைத்தவர் அவர். டீலர் ஒரு தனி முதலாளி. கம்பெனி ஒத்துக்கொண்டால் அந்த வேலைக்கு கம்பெனியிடமிருந்து அவருக்குப் பணம் வரும், ஒத்துக்கொள்ளாவிட்டால் வராது. ஆக என் இன்ஜினைச் சரிசெய்வதில் அவருக்கு நஷ்டமில்லை. அதுவரை நான் அவரையே எதிரியாக நினைத்து முறைத்துக்கொண்டிருந்தேன். "இந்தக் கம்ப்ளெயின்ட்டுக்கு டெக்னிக்கல் புல்லட்டின் ஏதாச்சும் வந்திருக்குதுங்களா?" என்று கேட்டேன். தெரிந்த குறையை எப்படிச் சரிசெய்வது என்று கம்பெனி டீலர்களுக்கு அனுப்பும் குறிப்பு அது. அவர் கதவைப் பார்த்துவிட்டு, "டெஸ்ட் ரிசல்ட் வரட்டும் சார், நான் எழுதறேன்" என்றார். அது போதுமாக இருந்தது.

சோதனை இப்படி நடந்தது. புது ஆயில், புது ஃபில்டர், சரியான அளவுக்கு நிரப்பி, ஆயில் மூடி, குச்சி, கீழே வடிக்கும் போல்ட் மூன்றிலும் மஞ்சள் பெயின்ட்டால் கோடு போட்டார்கள். யாரும் திறந்தால் கோடு விலகிவிடும். மீட்டரில் 54,210. என் கண்முன் படம் எடுத்தார்கள், நானும் எடுத்துக்கொண்டேன். 55,230-இல் திரும்பக் கொண்டுவந்தேன். ஆயிலை முழுக்க வடித்து அளந்தார்கள். 1,020 கிலோமீட்டருக்கு 740 மில்லி குறைந்திருந்தது. அளவு ஜாடியை மேசைமேல் வைத்துவிட்டு அட்வைசர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அந்தத் தாளில் சீல், கையெழுத்து, கிலோமீட்டர் எல்லாம் வாங்கிய பிறகுதான் சாவியை வாங்கினேன்.

இதற்குப் பிறகு நான் செய்தது படு முட்டாள்தனம். கையில் நல்ல ஆதாரம் இருக்கிற மிதப்பில் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து கம்பெனிக்கு மூன்று பக்க மின்னஞ்சல் எழுதினேன். ஏமாற்று, மோசடி, கோர்ட், என் குடும்பத்தின் பாதுகாப்பு என்று எல்லாம் இருந்தது. என்ன வேண்டும் என்பது மட்டும் இல்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது: 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். வாகனம் வாரண்டி காலத்தைக் கடந்துவிட்டதால் அருகிலுள்ள டீலரை அணுகவும்.' இலவச எண்ணில் கூப்பிட்டால் ஒரு புகார் எண் கொடுப்பார்கள். இரண்டு நாளில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்துவிடும். நான்கு முறை தீர்த்தார்கள்!

மச்சானுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட ஆணையத்தில் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், என் வண்டி விலைக்குக் கட்டணம் 400 ரூபாய்தான், குறை தெரியவந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்றார். 2023 டிசம்பரை காலண்டரில் குறித்துக்கொண்டேன். ஆனால் அவரே, "உற்பத்திக் குறைனு நிரூபிக்கற சுமை உங்க மேலதான். நிபுணர் அறிக்கை இல்லாம அங்க நிக்காது. நோட்டீஸ் போயிருச்சுன்னா சர்வீஸ் ஆளுங்க உங்ககிட்டப் பேசறத நிறுத்திருவாங்க, அதுக்கப்புறம் அவங்க வக்கீல்தான் பேசுவாரு. பேச்சு நடக்கற வரைக்கும் பேசுங்க" என்றார். பீஸ் வராத வேலையைச் சொன்ன வக்கீல். குறையுள்ள வண்டிகளை கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்யும் 'ரீகால்' இருக்கிறதே என்று சிலர் சொன்னார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவில் 2021 ஏப்ரல் முதல் அதற்கு விதிகள் இருக்கின்றன. ஆனால் அது சாலையில் போகிறவர்களுக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்து என்கிற மாதிரியான குறைகளுக்கானது. ஆயில் குடிப்பதை அதில் சேர்ப்பது என் ஒருவன் கையில் இல்லை.

ஜனவரியில் இரண்டாவது மின்னஞ்சல். இந்த முறை ஒரே பக்கம். என் நோட்டை அப்படியே ஓர் அட்டவணையாக்கினேன்: தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயில், பில் நம்பர். கீழே மூன்று வரி. கையேட்டின் அளவு அரை லிட்டர். உங்கள் டீலரே அளந்தது 740 மில்லி. பிஸ்டனும் ரிங்கும் மாற்றித் தரவும். இணைப்பாக ஒன்பது பக்கம் ஸ்கேன்.

அந்த ஸ்கேன் எடுக்கும்போதுதான் அதிர்ஷ்டம் அடித்தது. 2021 டிசம்பர் பில்லை எடுத்துப் பார்த்தால், ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்-அப்' என்று இருந்தாலும், பில்லில் 'இன்ஜின் ஆயில் – டாப்-அப் – 1 லிட்டர்' என்று ஒரு வரி, பக்கத்தில் 41 ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். போன சர்வீஸ் பில்லில் 35 ஆயிரத்துச் சொச்சம். இடையில் 6,000 கிலோமீட்டர்கூட இல்லை, தேதி வாரண்டிக்குள். நான் சொன்னதை எழுதாத அதே டீலரின் கம்ப்யூட்டர், காசு வாங்குவதற்காக இதை எழுதி வைத்திருந்தது. பங்கில் வாங்கிய முதல் லிட்டருக்கும் பில் வாங்கியிருந்தால் இரண்டு லிட்டர் என்று காட்டியிருக்கலாம். போகட்டும்.

அட்டவணைக்குக் கீழே இன்னொரு பத்தியும் சேர்த்தேன். அமெரிக்காவில் 2007 முதல் 2009 வரை வந்த டொயோட்டா கேம்ரியின் நான்கு சிலிண்டர் இன்ஜினிலும் ஆயில் குடிக்கும் சிக்கல் இருந்தது. 1,200 மைலுக்கு ஒரு குவார்ட்டுக்கு (ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) மேல் போனால் பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றுவது என்று அங்கே வரையறை வைத்தார்கள். நம் கணக்கில் அது 1,000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர். பிறகு அந்தக் குறைக்கு மட்டும் வாரண்டியை 10 வருஷம் அல்லது 1,50,000 மைல் என்று நீட்டினார்கள். என் வண்டி அந்தக் கம்பெனியுடையதல்ல. இருந்தாலும், வாரண்டி முடிந்த பிறகும் ஒரு கம்பெனி பொறுப்பேற்பது உலகத்தில் இல்லாத வழக்கமல்ல என்று பணிவாகச் சொல்லிவைத்தேன். அதே நாள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்தேன். அது கோர்ட் இல்லை, உத்தரவு போடாது. புகாரை கம்பெனியில் அதற்கென்று உள்ளவருக்கு அனுப்பிப் பதில் கேட்கும். ஆறாம் நாள் போன் வந்தது. மின்னஞ்சலுக்கு வந்ததா, 1915-க்கு வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிப்ரவரியில் கம்பெனியின் ஏரியா டெக்னிக்கல் ஆள் டீலரிடமே வந்து பார்த்தார். பிளக் துளை வழியாக கேமரா வயரை உள்ளே விட்டு, பிஸ்டன் தலையைத் திரையில் காட்டினார். ஓரமெல்லாம் ஆயிலில் கழுவினாற்போல் பளபளவென்று, நடுவில் கறுப்பு. பார்த்துவிட்டு, "சிட்டிக்குள்ள குறைஞ்ச தூரமா ஓட்டினா இப்படி ஆகும் சார், டிரைவிங் ஸ்டைல்" என்றார். எனக்குச் சுர்ரென்றது. ஒர்க்ஷாப் மேனேஜர் மேசைக்கு அடியில் என் காலை லேசாகத் தட்டினார். "இருக்கலாங்க சார். குறைஞ்ச தூரம் ஓட்டக்கூடாதுன்னு கையேட்டுல எங்க போட்டிருக்குதுன்னு காட்டினீங்கன்னா நான் ஒத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு பேச்சு இறங்கிவந்தது.

மதிப்பீடு 1,84,000 ரூபாய், வரியோடு. பாகங்கள் 1,38,000, கூலி 46,000. 'குட்வில்' என்ற பெயரில் கம்பெனி பாகங்களில் பாதி தருவதாகச் சொன்னது. குட்வில் என்றால் கடமையில்லை, மனமிரங்கித் தருகிறோம் என்று அர்த்தம். அதனால் அளவு எங்கேயும் எழுதியிருக்காது, பேரம்தான். நான் உடனே சரி என்று சொல்லவில்லை, கோபிக்கவும் இல்லை. நன்றி சொல்லி, 2021 டிசம்பர் பில்லை மட்டும் தனியாக இணைத்து, குறை வாரண்டிக்குள்ளேயே உங்கள் டீலரின் கணக்கில் பதிவாகியிருக்கிறது, ஆகவே மறுபரிசீலனை செய்யவும் என்று ஐந்து வரி எழுதினேன். எல்லா சர்வீஸும் கம்பெனி டீலரிடமே செய்தது எனக்குச் சாதகமாக இருந்தது என்று மேனேஜர் பின்னால் சொன்னார். பத்து நாள் கழித்து 80 சதவீதம் என்று வந்தது. டீலர் தன் கூலியில் கால் பங்கைக் குறைத்தார். ஆக என் கையிலிருந்து பாகங்களுக்கு 27,600, கூலிக்கு 34,500, மொத்தம் 62,100 ரூபாய். இதை வெற்றி என்று மனைவியிடம் சொன்னபோது, "தப்பு அவங்களுது, அறுபதாயிரம் நம்முளுதா?" என்றாள். அவள் கேட்டது சரிதான். ஆனால் நிபுணர் அறிக்கை, வாய்தா, அதுவரை மாதத்துக்கு ஒரு லிட்டர் என்று கணக்குப் போட்டால் எனக்கு இது பரவாயில்லை என்று தோன்றியது. வேறொருவர் வேறு மாதிரி முடிவெடுக்கலாம்.

கையெழுத்துக்கு ஒரு கடிதம் நீட்டினார்கள். முழுமையான, இறுதித் தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று. அதே குறை மறுபடி வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். மாற்றின பாகங்களுக்கும் வேலைக்கும் ஒரு வருஷப் பொறுப்பு உண்டு என்று மின்னஞ்சலில் தனியாக எழுதி வாங்கிய பிறகுதான் போட்டேன். இதற்கு இரண்டு நாள் பிடித்தது, அவ்வளவுதான்.

ஏழு நாள் என்றார்கள், பத்தொன்பது நாள் ஆயிற்று. இன்ஜினைப் பிரித்த அன்று பார்க்க வரலாமா என்று கேட்டுப் போயிருந்தேன். டெக்னீசியன் தம்பி பழைய பிஸ்டன் ஒன்றைக் கழுவாமல் அப்படியே கொடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். ஆயில் ரிங் பள்ளம் முழுக்க தோசைக்கல் ஓரத்தில் கருகிப் பிடிக்குமே, அந்த மாதிரி கறுப்பு. ரிங்கை விரலால் சுற்ற முயன்றேன், அசையவில்லை. அவர் ஒரு மெல்லிய கம்பியை எடுத்து துளை இருக்க வேண்டிய இடத்தில் குத்தினார். போகவில்லை. அப்புறம் புதுப் பிஸ்டனை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "பாருங்கண்ணா" என்றார். பள்ளத்துத் துளைகள் வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாக வந்தது. பழைய துளைகளைவிடப் பெரியவை என்பது சும்மா பார்த்தாலே தெரிந்தது. பழசில் ஒன்றை வீட்டுக்குக் கேட்டேன். குட்வில் வேலையில் கழற்றின பாகம் கம்பெனிக்குத் திரும்பிப் போயாக வேண்டுமாம். படம் எடுத்துக்கொள்ள விட்டார்கள்.

2023 மார்ச் கடைசியில் வண்டி வந்தது. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அழுத்தி மிதிக்காமல் ஓட்டச் சொன்னார்கள், ஓட்டினேன். அதற்கப்புறம் ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவில் குச்சியில் ஒரு விரல்கடை இறங்கினால் அதிகம். நோட்டை நிறுத்தவில்லை. மாதத்தில் முதல் ஞாயிறு காலையில் பானட்டைத் திறக்கிறேன். டிக்கியில் வாங்கிவைத்த ஒரு லிட்டர் டப்பா சீல் பிரியாமல் கிடக்கிறது, அதற்குப் பில்லும் இருக்கிறது.

கொஞ்ச நாள் முன்னால் ஈரோட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அதே மாடல், அதே குறை. கணபதி மெக்கானிக் அண்ணன்தான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். வாரண்டி முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, டீலரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன், கேட்கவே மாட்டேன் என்கிறார்கள் என்று பத்து நிமிஷம் கொதித்தார். பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "ஜாப் கார்டுல என்னனு எழுதியிருக்குதுங்க?" என்றேன். இருங்க, வண்டியில் இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன் என்றார். கதவு திறக்கிற சத்தம், காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ஜெனரல் செக்-அப்னு போட்டிருக்குதுங்க" என்றார்.